ஜோன் எஃப். கெனடி (1917 – 1963): படைபலமும் புலனாய்வும் சர்வதேச உறவுகளும்



சர்வதேச உறவுகள் என்றதும் தூதுவர்கள், மாநாடுகள், உடன்படிக்கைகள் என்பனவே நமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் இவற்றின் பின்னணியில் இரண்டு சக்திகள் எப்போதும் இயங்கி வந்துள்ளன. ஒன்று படைபலம். மற்றையது புலனாய்வு, அதாவது பிற நாடொன்றின் பலத்தையும் நோக்கத்தையும் அறிந்து கொள்ளும் முயற்சி. இவ்விரண்டும் ஒரு நாட்டைக் காப்பாற்றவும் கூடும்; பிழையாகக் கையாளப்பட்டால் உலகையே அழிவின் விளிம்புக்குக் கொண்டு செல்லவும் கூடும். இதனைத் தெளிவாக விளங்கிக் கொள்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் 35ஆவது ஜனாதிபதியான ஜோன் எஃப். கெனடியின் வாழ்க்கை மிகப் பொருத்தமான உதாரணமாகும். கெடுபிடி யுத்தம் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும் போதும் இப்பாடம் உங்களுக்குத் துணைபுரியும்.

1. இளமைக் காலம்

ஜோன் பிற்ஸ்ஜெரால்ட் கெனடி 1917 மே 29ஆம் திகதி மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகருக்கு அருகிலுள்ள புரூக்லைன் என்னும் இடத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் அவர் இரண்டாமவர். அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தின் வழிவந்தவர். தந்தையாரான ஜோசப் கெனடி பெரும் செல்வந்தர். 1938 முதல் 1940 வரை பிரித்தானியாவுக்கான அமெரிக்கத் தூதுவராகப் பணியாற்றியவர்.

இக்காலத்தில் இளைஞரான கெனடி ஐரோப்பாவில் பயணம் செய்து, இரண்டாம் உலக யுத்தம் நெருங்கி வருவதை நேரிற் கண்டார். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறுவதற்காக அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஹிட்லரின் ஜேர்மனி ஆயுத பலத்தைப் பெருக்கிய வேளையில் பிரித்தானியா ஏன் உரிய காலத்தில் தயாராகவில்லை என்பதை ஆராய்ந்தது. அக்கட்டுரை 1940இல் நூலாக வெளிவந்தது. எதிரியின் பலத்தை அறியாமலும் தம் பலத்தை வளர்க்காமலும் இருப்பது ஆபத்தானது என்பதே 23 வயதில் அவர் கற்ற முதற் பாடமாகும்.

2. யுத்த அனுபவம்

1941இல் கெனடி கடற்படையிற் சேர்ந்தார். முதலில் அவருக்குக் கிடைத்த வேலை வாஷிங்டனில் கடற்படைப் புலனாய்வு அலுவலகத்தில் அறிக்கைகள் தயாரிப்பதாகும். பின்னர் பசுபிக் சமுத்திரப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, பி.ரி. 109 என்ற டோப்பிடோப் படகின் தளபதியானார்.

1943 ஓகஸ்ட் 2ஆம் திகதி அதிகாலை இருளில், சொலமன் தீவுகளுக்கு அருகே யப்பானிய நாசகாரிக் கப்பலொன்று அப்படகை மோதிப் பிளந்தது. 13 பேரில் இருவர் உயிரிழந்தனர். எரிகாயமடைந்த ஒருவரின் உயிர்காப்பு அங்கியின் பட்டியைப் பற்களாற் கவ்வி இழுத்தபடி கெனடி பல மணி நேரம் நீந்திச் சிறு தீவொன்றை அடைந்தார். ஏனையோரும் அங்கு வந்து சேர்ந்தனர். இவர்களைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் பியுக்கு காசா, எரோனி குமானா என்ற இரண்டு சொலமன் தீவு இளைஞர்கள். கெனடி ஒரு தேங்காய்ச் சிரட்டையிற் செய்தியைச் செதுக்கி அவர்களிடம் கொடுத்தார். அவ்விருவரும் எதிரிகள் நடமாடிய கடலில் தோணியிற் சென்று அதனைச் சேர்ப்பித்தனர். யப்பானியரின் நடமாட்டங்களை மறைந்திருந்து கவனித்து அறிவித்து வந்த அவுஸ்திரேலியக் கரையோரக் கண்காணிப்பாளர் ஒருவரின் ஏற்பாட்டில் 11 பேரும் மீட்கப்பட்டனர். பிற்காலத்தில் ஜனாதிபதியின் மேசையில் அச்சிரட்டை வைக்கப்பட்டிருந்தது.

விமானங்கள் தேடிக் காணாதவர்களை, இடத்தை நன்கு அறிந்த மனிதர்களின் தகவல் காப்பாற்றியது என்பதைக் கவனியுங்கள். மறு ஆண்டில், 1944 ஓகஸ்டில், கெனடியின் மூத்த சகோதரர் ஜோசப் போர் விமானமொன்று வெடித்ததில் மாண்டார். எனவே யுத்தம் என்பது கெனடிக்கு நூலறிவு மட்டுமல்ல. அவர் குடும்பத்தையும் உடலையும் தாக்கிய அனுபவமாகும்.

3. அரசியற் பிரவேசம்

1946இல் பிரதிநிதிகள் சபைக்கும் 1952இல் செனற் சபைக்கும் தெரிவான கெனடி, 1960 நவம்பரில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் றிச்சர்ட் நிக்சனை மிகச் சொற்ப வாக்குகளால் தோற்கடித்தார். 1961 ஜனவரி 20இல் பதவியேற்ற போது அவருக்கு வயது 43. தேர்தல் மூலம் அப்பதவிக்கு வந்தவர்களில் வயதிற் குறைந்தவரும் முதலாவது கத்தோலிக்கரும் அவரே.

தேர்தற் பிரசாரத்தில், ஏவுகணைகளின் எண்ணிக்கையில் சோவியத் ஒன்றியம் அமெரிக்காவை முந்திவிட்டது என்று கெனடி வலியுறுத்தியிருந்தார். ஆனால் உளவுச் செய்மதிகள் எடுத்த புகைப்படங்கள் 1961இல் வேறொரு உண்மையைக் காட்டின. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் சோவியத் ஒன்றியத்திடம் ஒரு சிலவே இருந்தன. அமெரிக்காவே முன்னணியில் இருந்தது. அச்சத்தின் அடிப்படையிலான கணிப்பும் சான்றின் அடிப்படையிலான தகவலும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

4. பன்றிகள் விரிகுடாத் தோல்வி (1961)

அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலிருந்து சுமார் 145 கி.மீ. தொலைவில் கியூபாத் தீவு உள்ளது. 1959 ஜனவரியில் சர்வாதிகாரி பட்டிஸ்டா நாட்டை விட்டு ஓட, பிடல் காஸ்ட்ரோ தலைமையிலான புரட்சியாளர் ஆட்சியைக் கைப்பற்றினர். அமெரிக்கக் கம்பனிகளின் சொத்துக்கள் தேசியமயமாக்கப்பட்டன. சோவியத் ஒன்றியத்துடன் கியூபா நெருங்கியது. காஸ்ட்ரோவை அகற்றுவதற்கான இரகசியத் திட்டமொன்றை 1960 மார்ச்சில் ஜனாதிபதி ஐசனோவர் அங்கீகரித்தார். மத்திய புலனாய்வு முகவரகமான சி.ஐ.ஏ. அதனைத் தயாரித்தது. பதவிக்கு வந்த கெனடி அத்திட்டத்தை நிறுத்தாது அனுமதித்தார்.

1961 ஏப்ரல் 17ஆம் திகதி, சி.ஐ.ஏ. பயிற்சியளித்த சுமார் 1,400 கியூப அகதிகள் பன்றிகள் விரிகுடாவில் தரையிறங்கினர். மூன்று நாட்களுக்குள் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 1,200 பேர் சிறைப்பட்டனர்.

தோல்விக்கான காரணங்கள்:
- படைகள் தரையிறங்கியதும் கியூப மக்கள் காஸ்ட்ரோவுக்கு எதிராகக் கிளர்ந்தெழுவர் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தமை.
- ஏற்பாடுகள் பற்றிய செய்திகள் முன்னரே கசிந்து கியூபா விழிப்படைந்தமை.
- ஏப்ரல் 15இல் நடந்த விமானத் தாக்குதலில் கியூப விமானங்கள் முழுமையாக அழிக்கப்படாமை.
- அமெரிக்காவின் பங்கை மறைக்கும் நோக்கில் இரண்டாவது விமானத் தாக்குதலைக் கெனடி இரத்துச் செய்தமை.
- திட்டத்தை வகுத்தவர்களே அதன் வெற்றி வாய்ப்பையும் மதிப்பிட்டமை.

இவற்றுள் இறுதிக் காரணம் முக்கியமானது. ஒரு திட்டத்தில் ஆர்வமுள்ளவர்களிடமே அது வெல்லுமா என்று கேட்டால், வெல்லும் என்ற விடையே கிடைக்கும். கெனடி தோல்விக்கான பொறுப்பைப் பகிரங்கமாக ஏற்றார். அவ்வாண்டு நவம்பரில் சி.ஐ.ஏ.யின் தலைவர் அலன் டலஸின் இடத்திற்கு ஜோன் மக்கோன் நியமிக்கப்பட்டார். நிபுணர்கள் ஒருமித்துக் கூறுவதையும் கேள்விக்குட்படுத்த வேண்டும் என்பதைக் கெனடி கற்றுக் கொண்டார். ஆயினும் கியூபா மீதான இரகசிய நடவடிக்கைகளை அவர் கைவிடவில்லை. 1961 நவம்பரில் முங்கூஸ் நடவடிக்கை என்ற புதிய நாசவேலைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. இதுவும் கியூபாவைச் சோவியத்தின் பாதுகாப்பை நாடத் தூண்டியது.

5. வியன்னாவும் பேர்லினும்

1961 ஜூனில் வியன்னாவில் கெனடியும் சோவியத் தலைவர் நிக்கிற்றா குருசேவும் சந்தித்தனர். பேர்லின் விடயத்தில் இணக்கம் ஏற்படவில்லை. ஓகஸ்ட் 13இல் பேர்லின் மதில் எழத் தொடங்கியது. ஒக்டோபரில் அந்நகரின் எல்லையில் இரு வல்லரசுகளினதும் தாங்கிகள் எதிரெதிரே நின்று பின்னர் விலகின. இவ்வாண்டு செப்டெம்பரில் பெல்கிரேட்டில் கூடிய அணிசேரா நாடுகளின் முதலாவது உச்சிமாநாடு, பேச்சுவார்த்தை நடத்துமாறு இரு தலைவர்களையும் கேட்டுக் கொண்டது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இம்மாநாட்டிற் கலந்து கொண்டார் என்பதையும் நினைவிற் கொள்க.

6. கியூபா ஏவுகணை நெருக்கடி (1962)

அ) பின்னணி

அமெரிக்காவின் ஜூப்பிற்றர் அணுவாயுத ஏவுகணைகள் இத்தாலியிலும் சோவியத் எல்லையை அடுத்த துருக்கியிலும் நிறுத்தப்பட்டிருந்தன. இதற்கு ஈடாகவும் கியூபாவைப் பாதுகாக்கவும் 1962இல் குருசேவ் இரகசியமாகக் கியூபாவுக்கு ஏவுகணைகளை அனுப்பினார். 40,000இற்கும் மேற்பட்ட சோவியத் படையினரும் அனுப்பப்பட்டனர்.

ஆ) புலனாய்வின் பங்கு

சோவியத் ஒன்றியம் தனது அணுவாயுத ஏவுகணைகளைக் கியூபாவில் வைக்கமாட்டாது என்றே 1962 செப்டெம்பரில் அமெரிக்கப் புலனாய்வாளர்கள் கணித்தனர். மக்கோன் மாத்திரமே சந்தேகம் கொண்டிருந்தார். ஒக்டோபர் 14ஆம் திகதி, ஏறத்தாழ 21 கி.மீ. உயரத்திற் பறக்கவல்ல யூ-2 உளவு விமானம் கியூபாவின் மேலாகச் சென்று 928 புகைப்படங்களை எடுத்தது. நிபுணர்கள் மறுநாள் அவற்றை ஆராய்ந்து, கூடாரங்களுக்கும் வண்டிகளுக்கும் இடையில் நடுத்தர வீச்சு ஏவுகணைகள் இருப்பதை இனங்கண்டனர். வாஷிங்டன் உட்பட அமெரிக்க நகரங்கள் பலவற்றை அவை தாக்கவல்லன. சோவியத் படை அதிகாரியான ஒலெக் பென்கோவ்ஸ்கி மேற்கு நாடுகளுக்கு இரகசியமாக வழங்கிய ஏவுகணை விபரங்கள் இவ்வாய்வுக்கு உதவின. அவர் ஒக்டோபர் 22இல் கைதாகி, 1963 மே மாதம் மரண தண்டனைக்குள்ளானார்.

இ) முன்னிருந்த தெரிவுகள்

ஒக்டோபர் 16 காலை கெனடிக்கு விடயம் அறிவிக்கப்பட்டது. அவர் உடனடியாகப் பகிரங்கப்படுத்தாமல், ஆலோசகர்கள் சிலரைக் கொண்ட குழுவொன்றை அமைத்து இரகசியமாக ஆராய்ந்தார். முன்வைக்கப்பட்ட வழிகள் வருமாறு:
- இராஜதந்திர வழியில் மாத்திரம் முயற்சித்தல்
- ஏவுகணைத் தளங்களை விமானத் தாக்குதலால் அழித்தல்
- கியூபா மீது படையெடுத்தல்
- கடல் வழியைத் தடுத்தல்

படைத் தளபதிகள் விமானத் தாக்குதலையே விரும்பினர். ஆனால் எல்லா ஏவுகணைகளையும் ஒரே தடவையில் அழித்து விடலாம் என உறுதியளிக்க அவர்களால் முடியவில்லை. எஞ்சும் ஒன்றே ஒரு நகரை அழிக்கப் போதுமானது. அவ்வாண்டு பார்பரா டக்மன் வெளியிட்டிருந்த முதலாம் உலக யுத்தத் தொடக்கம் பற்றிய நூலைக் கெனடி வாசித்திருந்தார். 1914இல் எந்தத் தலைவரும் முழுமையாக விரும்பாத யுத்தத்தில், பிழையான கணிப்புகளால் ஐரோப்பா வீழ்ந்த கதை அவர் மனதில் இருந்தது. ஆகவே எதிரிக்குப் பின்வாங்கவும் சிந்திக்கவும் அவகாசம் தரும் வழியாகிய கடல் தடுப்பை அவர் தெரிவு செய்தார்.

ஈ) கடல் தடுப்பு

ஒக்டோபர் 22 இரவு தொலைக்காட்சியில் தோன்றிய கெனடி, ஏவுகணைகள் பற்றி உலகுக்கு அறிவித்தார். கடல் முற்றுகை என்பது சர்வதேசச் சட்டத்தில் யுத்த நடவடிக்கையாகக் கருதப்படுவதால், அச்சொல்லைத் தவிர்த்து, தொற்றுநோய்த் தடுப்பைக் குறிக்கும் சொல்லொன்றைப் பயன்படுத்தினார். 23இல் அமெரிக்க நாடுகள் அமைப்பு ஆதரவு வழங்கியது. 24இல் தடுப்பு நடைமுறைக்கு வந்தது. ஏவுகணைகளை ஏற்றிய சோவியத் கப்பல்கள் நின்றன அல்லது திரும்பின. 25இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்கப் பிரதிநிதி அட்லாய் ஸ்ரீவன்சன் உளவுப் புகைப்படங்களைக் காட்சிக்கு வைத்தார். இரகசியமாகச் சேகரித்த தகவல் இவ்வாறு பகிரங்கச் சான்றாக மாறி, உலக அபிப்பிராயத்தை அமெரிக்காவின் பக்கம் திருப்பியது.

உ) ஒக்டோபர் 27, சனிக்கிழமை

நெருக்கடியின் உச்சம் இந்நாளாகும். கியூபாவின் மேற் பறந்த யூ-2 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி றுடோல்ப் அன்டர்சன் மாண்டார். வேறொரு யூ-2 வழிதவறிச் சோவியத் வான்பரப்பினுள் நுழைந்தது. கடலடியில் அமெரிக்கக் கப்பல்களால் நெருக்கப்பட்ட சோவியத் நீர்மூழ்கியொன்றில் அணுவாயுத டோப்பிடோ இருந்தது. அதனை ஏவுவதற்கு வசிலி ஆர்கிப்போவ் என்ற அதிகாரி உடன்படவில்லை. அத்தகைய ஆயுதம் அங்கிருந்தது அமெரிக்கருக்கு அன்று தெரியாது.

விமானம் வீழ்த்தப்பட்டால் பதிலடி கொடுப்பதென முன்னரே திட்டமிடப்பட்டிருந்தது. எனினும் கெனடி தாக்குதலுக்கு உத்தரவிடவில்லை. அன்றிரவு அவரது சகோதரர் றொபேட் கெனடி சோவியத் தூதுவர் டொப்ரினினை இரகசியமாகச் சந்தித்தார். சோவியத் ஏவுகணைகள் அகற்றப்படுமாயின் கியூபாவை அமெரிக்கா ஆக்கிரமிக்காது என்றும், துருக்கியிலுள்ள ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது. இரண்டாவது விடயம் இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. ஒக்டோபர் 28இல் ஏவுகணைகளை மீளப் பெறுவதாகக் குருசேவ் அறிவித்தார். பர்மாவைச் சேர்ந்த ஐ.நா. பதிற் செயலாளர் நாயகம் ஊ தாண்ட் இரு தரப்பையும் நிதானமாகச் செயற்படச் செய்வதில் அரும்பணியாற்றினார். நவம்பர் 20இல் கடல் தடுப்பு நீக்கப்பட்டது. 1963 ஏப்ரலில் துருக்கியிலிருந்த ஏவுகணைகளும் அகற்றப்பட்டன.

ஊ) பின்னர் வெளிவந்த உண்மை

கியூபாவிலிருந்த சோவியத் படையினரின் எண்ணிக்கையை அமெரிக்கா மிகக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தது. மேலும் தரைப்படைகளுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடிய குறுந்தூர அணுவாயுதங்களும் அங்கு தயாராக இருந்தன என்பது 1992இலேயே பகிரங்கமாயிற்று. தளபதிகள் கூறியவாறு படையெடுத்திருந்தால் அமெரிக்கப் படைகள் அணுவாயுதத்தைச் சந்தித்திருக்கும். சிறந்த புகைப்படங்கள் கூட அனைத்தையும் காட்டிவிடவில்லை.

7. சமாதானத்தை நோக்கி

நெருக்கடியின் போது இரு தலைவர்களின் செய்திகள் ஒருவரையொருவர் சென்றடையப் பல மணி நேரம் சென்றது. எனவே 1963 ஜூன் 20இல் வாஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் இடையில் நேரடித் தொடர்பை ஏற்படுத்தும் உடன்பாடு கையெழுத்தானது. மாணவர் பலர் இதனைத் தொலைபேசி என எழுதுகின்றனர். அது பிழையாகும். ஆரம்பத்தில் அது எழுத்து மூலம் செய்தி அனுப்பும் தொலைத்தட்டச்சுத் தொடர்பாகவே இருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 5இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா ஆகியன வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகியவற்றில் அணுவாயுதப் பரிசோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன.

ஆனால் வியட்நாமில் கெனடியின் கொள்கை இத்தகையதன்று. அவர் பதவியேற்ற போது ஆயிரத்துக்கும் குறைவாயிருந்த அமெரிக்க இராணுவ ஆலோசகர்கள் 1963இன் இறுதியில் சுமார் 16,000 ஆயினர். 1963 நவம்பரில் தென் வியட்நாம் ஜனாதிபதி டியெம் இராணுவச் சதியில் கொல்லப்பட்டார். அச்சதி பற்றி அமெரிக்க அரசு முன்னரே அறிந்திருந்தும் தடுக்கவில்லை.

அதே மாதம் 22ஆம் திகதி, டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் திறந்த காரிற் சென்ற கெனடி சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 46. ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

8. மதிப்பீடு

கெனடியைக் குறையற்ற வீரராக எழுதுவதும், நெருக்கடிகளை உருவாக்கியவராக மட்டும் எழுதுவதும் முழுமையான விடைகளாகா. 1961இல் புலனாய்வு அமைப்பின் விருப்பத்தை உண்மையென நம்பி அவர் தோற்றார். 1962இல் சான்றைச் சோதித்து, காலம் எடுத்து, எதிர்க் கருத்துகளைக் கேட்டு முடிவு செய்தார். வலிமை மிக்க கடற்படை இல்லாவிடின் கடல் தடுப்பு சாத்தியமில்லை. உளவு விமானம் இல்லாவிடின் ஏவுகணைகள் தயாராகும் வரை எதுவும் தெரிந்திராது. ஆயினும் நெருக்கடியை முடித்து வைத்தது இரு தரப்பும் விட்டுக் கொடுத்த பேச்சுவார்த்தையே. படைபலம் பேச்சுக்குப் பெறுமதி கொடுத்தது. புலனாய்வு பேச்சுக்குக் காலம் கொடுத்தது. முடிவைத் தந்தது மனிதரின் நிதானம். இம்மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதும் மாணவரே முழுப் புள்ளிகளைப் பெறுவர்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1917 – பிறப்பு
1943 – பி.ரி. 109 படகு மூழ்குதல்
1960 – ஜனாதிபதித் தேர்தலில் வெற்றி
1961 ஏப்ரல் – பன்றிகள் விரிகுடாத் தோல்வி
1961 ஓகஸ்ட் – பேர்லின் மதில்
1962 ஒக்டோபர் – கியூபா ஏவுகணை நெருக்கடி
1963 ஓகஸ்ட் – அணுவாயுதப் பரிசோதனைத் தடை உடன்படிக்கை
1963 நவம்பர் – கெனடி கொலை

பயிற்சி வினாக்கள்

1. பன்றிகள் விரிகுடா முயற்சி தோல்வியடைந்தமைக்கான காரணங்கள் மூன்றினைத் தருக.
2. கடல் முற்றுகை என்ற சொல்லைக் கெனடி தவிர்த்தமைக்கான காரணம் யாது?
3. கியூபா ஏவுகணை நெருக்கடியில் புலனாய்வுத் தகவல் உதவிய சந்தர்ப்பம் ஒன்றையும், போதாமற் போன சந்தர்ப்பம் ஒன்றையும் விளக்குக.
4. இந்நெருக்கடி தீர்வதற்குப் படைபலமா, பேச்சுவார்த்தையா கூடிய பங்களிப்புச் செய்தது? காரணம் காட்டி விடையளிக்குக.

குறிப்பு: நான்காம் வினாவுக்கு எப்பக்கத்தை ஆதரித்தும் எழுதலாம். ஆனால் மறுபக்கத்தையும் ஒரு பந்தியிற் குறிப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். பன்றிகள் விரிகுடா 1961, ஏவுகணை நெருக்கடி 1962 என்பதை மாற்றி எழுதாதிருக்கக் கவனமெடுங்கள்.